பஞ்சில் குடியிருப்பவை

தூத்துக்குடியில் வீடு மாற்றுகிறவர்கள் பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாவற்றையும் குட்டியானை வண்டியில் ஏற்றிவிட்டு, கடைசியாகத்தான் மீன் தொட்டியின் பக்கம் திரும்புகிறார்கள். புது வீட்டுக்கு அழுக்கோடு போகக் கூடாது என்று கண்ணாடியைத் தேய்க்கிறார்கள். கூழாங்கற்களைக் குழாயடியில் கொட்டி அலசுகிறார்கள். ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சைப் பழுப்பு நீர் வருவது நிற்கும்வரை பிழிகிறார்கள். பால் காய்ச்சிய அன்று மாலை தொட்டி பளிச்சென்று இருக்கிறது. மீன்களும் நன்றாகத்தான் நீந்துகின்றன. நாலைந்து நாளில் ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பத்து நாளுக்குள் பாதி போய்விடுகின்றன. இடம் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். கண் பட்டுவிட்டது என்பாரும் உண்டு.

இடத்தின் மேல் பழி இல்லை. பிழிந்து சாக்கடையில் விட்ட பழுப்பு நீரோடு தொட்டியின் உயிரும் போய்விட்டது.

மீன் தன் உடலில் சேரும் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே விடுகிறது. குளத்திலும் கடலிலும் அது கரைந்து பரவிவிடும். ஐம்பது லிட்டர் தண்ணீரில் எங்கே போகும்? மீன் தான் விட்டதையே திரும்பச் செவுளில் வாங்க வேண்டியதுதான். அப்படி நடக்காமல் காப்பவை ஃபில்டர் பஞ்சிலும் கற்களிலும் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். நைட்ரோஸ்பைரா என்ற இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும். தொட்டியில் செடி இருந்தால் அது உறிஞ்சிக்கொள்ளும்.

இந்த உயிர்களுக்கு அவசரம் கிடையாது. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா நல்ல உணவு கிடைத்தால் இருபது நிமிடத்தில் இரண்டாகும். அம்மோனியாவைத் தின்று வாழ்பவை ஒருமுறை இரட்டிக்கவே பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் புதிதாக வைத்த தொட்டி நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகிறது. பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசியவர் அந்த ஆறு வாரத்தை ஐந்து நிமிடத்தில் அழித்துவிடுகிறார்.

இவற்றைப் பற்றி நாம் அறிந்தவற்றில் சிலவற்றை மீன் தொட்டிகளே கற்றுக்கொடுத்திருக்கின்றன. எனக்கு இது தீராத வியப்பு. அம்மோனியா நைட்ரேட்டாவது இரண்டு கட்டமாக, இரண்டு தனித்தனி உயிர்களால் நடக்கிறது என்று ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காட்டினார். பாக்டீரியாக்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன என்று உலகம் நூறாண்டு நம்பியது. 2005இல் அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத்தில், வெப்பக்கடல் மீன்கள் இருந்த தொட்டியின் சரளைக் கற்களிலிருந்து ஓர் உயிரைப் பிரித்தெடுத்தார்கள். அது பாக்டீரியாவே இல்லை. ஆர்க்கியா என்ற வேறொரு பெருங்குலத்தைச் சேர்ந்தது. அதன் உறவினர்கள் உலகக் கடல்களெங்கும் எண்ணற்ற அளவில் இருப்பதும், கடலின் அம்மோனியாவில் பெரும்பங்கை அவைதான் கையாள்கின்றன என்பதும் பிறகு தெளிவாயின. 2015இல் இரண்டு கட்டத்தையும் ஒரே உடலில் செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா கண்டறியப்பட்டது. அதைக் கண்டவர்களில் நெதர்லாந்துக் குழு தன் மாதிரியை எடுத்தது ஒரு மீன் வளர்ப்பு அமைப்பின் ஃபில்டரிலிருந்து!

உயிர்களை இடம் மாற்றிக் குடிவைப்பது தூத்துக்குடி இருக்கும் முத்துக்குளித்துறைக்குப் புதிய வேலையல்ல. 1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனும் ஜேம்ஸ் ஹார்னெலும் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்துப் பார்களை, அதாவது சிப்பி படியும் கடலடித் திட்டுகளை, ஆராய வந்தார்கள். அங்கே பெரியபாரில் முத்துச்சிப்பிக் குஞ்சுகள் ஏராளமாக வந்து படியும். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்தபின் பார்த்தால் பார் வெறுமையாகக் கிடக்கும். அந்தக் குஞ்சுகளை அள்ளிப் பாதுகாப்பான வேறு பார்களில் விடலாம் என்று அவர்கள் சொன்னார்கள். சிப்பியின் உடலமைப்பு அதற்கு இடம் கொடுக்கிறது. அது மெல்லிய பச்சைநிற நார்களால் பாறையைப் பற்றிக்கொண்டிருக்கும். பிடி போனால் பழைய நார்க்கற்றையை உதறிவிட்டு, நாக்குப் போன்ற சிறு காலை வெளியே நீட்டித் தரையைத் தடவிப் பார்த்து, பிடித்த இடத்தில் புது நார் ஒவ்வொன்றாக ஒட்டும். தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். 1981இல் தூத்துக்குடியிலேயே சிப்பிக் குஞ்சு பொரிக்கவைத்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் குஞ்சுகளைக் கொண்டுபோய்க் கடற்பாரில் விதைத்தும் பார்த்தார்கள்.

பவளத்துக்கும் குடிமாற்றம் உண்டு. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல், நலமான பவளத்தின் சிறு துண்டுகளை எடுத்துச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டி, சிதைந்த திட்டுகளில் நட்டு வளர்த்துவருகிறது. பவளம் உண்ணும் உணவில் பெரும்பகுதியைத் தயாரிப்பது அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசி. துண்டை எங்கே கொண்டுபோனாலும் பாசியும் கூடவே போகும். சிப்பிக்கோ கடலுக்குள்ளேயே இடமாற்றம், தண்ணீர் மாறுவதில்லை. நம் வீட்டு மீனுக்குத்தான் இரண்டு வசதியும் இல்லை. அது எதை நம்பி வாழ்கிறதோ அது உடலுக்கு வெளியே, பஞ்சில் இருக்கிறது. யாராவது நினைவாக எடுத்துப் போனால்தான் உண்டு.

ஆகவே வீடு மாற்றும்போது மூட்டை கட்ட வேண்டிய முதல் பொருள் பஞ்சு. தொட்டித் தண்ணீரிலேயே லேசாக ஒருமுறை நனைத்துப் பிழியலாம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு தொட்டித் தண்ணீர் ஊற்றிய வாளியில், மூடாமல், ஏர் பம்ப் ஓடவிட்டு வைக்க வேண்டும். அந்த நுண்ணுயிர்கள் மூச்சுவிடுபவை. ஃபில்டரை அப்படியே பாலித்தீன் பையில் கட்டிச் சித்திரை வெயிலில் வண்டியில் வைத்தால் சில மணி நேரத்தில் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து நாற்றமெடுக்கும். கற்களையும் ஈரம் காயாமல் கொண்டுபோங்கள். அடியில் கறுத்த சேறு இருந்தால் அதை மட்டும் கொட்டிவிடலாம். காற்றுப் படாத அந்த அடுக்கில் அழுகிய முட்டை வாடையடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். தொட்டியைக் காலி செய்யாமல் தூக்கவே கூடாது. மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரத் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே சுமார் 190 கிலோ. கால்வாசி இருந்தாலும் அது குலுங்கும்போது சிலிக்கான் ஒட்டு விட்டுவிடும்.

மீன்களுக்கு முந்தின நாளிலிருந்து இரை வேண்டாம். வயிறு காலியாக இருந்தால் பைக்குள் கழிவு குறையும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. தண்ணீர் அதிகம் இருந்தால் மீனுக்கு நல்லது என்று தோன்றும், கணக்கு வேறு. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரிச் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். பையின் மேல்பகுதிதான் சேமிப்பு. வங்கத்தில் ஒருகாலத்தில் கெண்டைக் குஞ்சுகளை மண்குடங்களில் கொண்டுபோனவர்கள் வழிநெடுகக் குடத்தைக் கையால் குலுக்கிக்கொண்டே போனது காற்றைத் தண்ணீருக்குள் இறக்கத்தான்.

பைக்குள் நடக்கும் வேதியியல் அருமையானது. மீன் விடும் கரியமில வாயு கரைந்து தண்ணீரின் பி.எச். இறங்கும், அதாவது அமிலத்தன்மை கூடும். பி.எச். இறங்கினால் அம்மோனியா, செவுளுக்குள் எளிதில் நுழைய முடியாத அம்மோனியமாக மாறிக்கொள்ளும். மீன் விட்ட மூச்சே மீன் விட்ட நஞ்சை அடக்கி வைத்திருக்கிறது. வெளியூரிலிருந்து பல மணி நேரம் பயணம் செய்த பையைத் திறந்தால் கரியமில வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அம்மோனியம் மறுபடி அம்மோனியாவாகும். எனவே நெடும்பயணம் வந்த பையைத் திறக்காமல் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூடு சமமானதும், திறந்து, மீனை மட்டும் வலையில் எடுத்து உடனே விட்டுவிடுவது நல்லது. பைத் தண்ணீர் தொட்டியில் சேரக் கூடாது. ஊருக்குள்ளேயே பிரையண்ட் நகரிலிருந்து முத்தையாபுரம் போகிற அரைமணிப் பயணத்துக்கு இந்தப் பயம் இல்லை. அங்கே புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குவதுதான் முக்கியம்.

ஏனென்றால் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு தண்ணீர் வேறு. ஒரு வீட்டில் குழாயில் வருவது தாமிரபரணி. இன்னொரு வீட்டில் கடலுப்பு ஏறிய போர் தண்ணீர். நன்னீர் மீனின் ரத்தம் சுற்றியுள்ள நீரைவிட உப்பானது. அதனால் தண்ணீர் ஓயாமல் செவுள் வழியே உள்ளே நுழைந்துகொண்டிருக்கும்; மீன் ஓயாமல் சிறுநீராக அதை வெளியேற்றிக்கொண்டிருக்கும். வெளியே உப்பின் அளவு சட்டென்று மாறினால் இந்தச் சமநிலை குலையும். பழைய தொட்டியின் தண்ணீரில் பாதியையாவது கேன்களில் கொண்டுபோங்கள் என்பது இதற்காகத்தான். குழாய்த் தண்ணீரைச் சேர்ப்பதானால் முந்தின இரவே வாளியில் பிடித்து ஏர் பம்ப் ஓடவிட்டால் குளோரின் பறந்துவிடும்.

முதல் வாரம் இரையைப் பாதியாகக் குறையுங்கள். எவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோனாலும் பஞ்சில் கொஞ்சம் உயிர்ச்சேதம் இருக்கும். அம்மோனியா ஏறினால் கால்பங்குத் தண்ணீரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. நைட்ரைட் ஏறினால் மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து பழுப்பாகும்; செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புக்குப் பதில் மங்கிய காப்பி நிறம் தெரியும். அதற்கும் தண்ணீர் மாற்றுவதே தீர்வு, ஆனால் அதுவரை தாங்கவைக்கத் தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பே உதவும். நைட்ரைட் செவுளுக்குள் நுழையும் அதே வாசலில்தான் உப்பில் உள்ள குளோரைடும் நுழைகிறது. குளோரைடு கூடுதலாக இருந்தால் நைட்ரைட்டுக்கு வழி கிடைக்காது. பத்து லிட்டருக்கு ஒரு கிராம் போதும். தனியே ஒரு கோப்பையில் கரைத்து, ஒரே நேரத்தில் கொட்டாமல், சிறிது சிறிதாக விடுங்கள்.