பனையேறியும் பாரிஸ் சுவரும்!

சங்கரன்கோவிலிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஜன்னலோரம் பனைமரம் தட்டுப்படும். அதில் நல்ல வளர்த்தியான ஒன்றை மனசுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அதே உயரத்தில், 15 மீட்டருக்கு, ஒரு சுவர். அதுவும் ஏறுகிறவர் மேல் கவிழ்கிற மாதிரி 5 டிகிரி சாய்ந்திருக்கும்! 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தோனேஷியாவின் வெட்ரிக் லியோனார்டோ அதன் உச்சியைத் தொட்டுத் தங்கம் வாங்கினார். ஆன நேரம்... 4.75 விநாடி! நாம் ஷூ லேஸ் கட்டி முடிப்பதற்குள் மனுஷர் மேலே போயாச்சு.

'கை புஜம் சும்மா கும்முனு இருக்கும் போல' என்பீர்கள். ரகசியம் புஜத்தில் இல்லை ஸார், முன்கையில்! விரலை மடக்கும் முக்கியமான தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு மாதிரி தசைநாண்கள் வந்து விரலை இழுக்கின்றன. சந்தேகமா? முன்கையைப் பிடித்துக்கொண்டு விரலை மடக்கிப் பாருங்கள். உள்ளே எலி ஓடும்!

வேகப் போட்டி 5 விநாடி சமாசாரம். முன்கைக்கு நிஜமான சோதனை 'லீட்' போட்டியில்தான். 6 நிமிஷத்துக்குள் எவ்வளவு உயரம் போகிறார்கள் என்பது கணக்கு. விடாமல் இறுக்கிப் பிடித்தால், வீங்கிய தசை தன் ரத்தக்குழாயையே நெரித்துவிடும். ஆக்ஸிஜன் வராது, கழிவு போகாது. கை கல்லாகும், விரல் தானாகப் பிரியும். அதனால்தான் கெட்டிக்கார வீரர், பாரத்தைக் காலுக்குத் தள்ளிவிட்டு, ஒரு கையைத் தொங்கப்போட்டு உதறுகிறார். அந்த இடைவெளியில் ரத்தம் மறுபடி பாய்கிறது.

நம்ம பனையேறியிடம் இதைச் சொன்னால், 'இதுல என்ன தம்பி இருக்கு?' என்று சிரிப்பார். காலில் தளைநார் மாட்டி, பாரத்தைக் காலில் நிறுத்துவதுதானே அவர் வித்தை! என்ன... சுவரேறிக்குக் கயிறோ, கீழே மெத்தையோ உண்டு. பனையேறிக்குப் பெரும்பாலும் இரண்டும் இல்லை. பிடி தவறினால் உயிர்தான்.

பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மூர் இளைஞர்களுக்கு அங்குள்ள சுவரைப் பார்த்து ஆசை வரலாம். ஏறுங்கள். ஆனால் அவசரம் வேண்டாம். தசைக்குச் சில வாரங்களில் பலம் ஏறும், தசைநாணுக்கு மாதக்கணக்காகும். அதற்குள் தம் பிடித்துத் தொங்கினால் விரல்தான் போகும். உடம்பு லேசாகணும்னு பட்டினி கிடப்பது அதைவிட மோசம், எலும்பையே அரித்துவிடும். இந்தப் பட்டினி விஷயத்துக்காகவே சர்வதேச சம்மேளனம் 2024-ல் தனி விதிமுறை கொண்டுவந்தது.

முதலில் ஆபீஸ் லிஃப்டை விட்டுவிட்டு மாடிப்படி ஏறிப் பழகலாமே, ஸார்!