பொரியாத முட்டையும் உறவுக் கணக்கும்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் வழியில் இருக்கும் பாரிவாக்கத்தில், ஒரு வீட்டு மொட்டை மாடியில் கம்பிவலைக் கூண்டு அடித்து, ஒரே கடையிலிருந்து இரண்டு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கி விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தொங்கும் மண்பானைக்குள் பெட்டை நான்கு முதல் ஆறு முட்டை இடும். ஏறக்குறைய 18 நாள் அடைகாத்தால் குஞ்சு. முதல் வருஷம் கூண்டு நிரம்பிவிடும். இரண்டு வருஷம் போனால் முட்டை வழக்கம்போல இருக்கும், குஞ்சு குறைந்திருக்கும். “வெயிலுக்குக் கூமுட்டை ஆகிடுச்சு” என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

சென்னை வெயில் முட்டையைக் கெடுக்கும். சுண்ணாம்புச் சத்துக் குறைவும் கெடுக்கும். ஆனால் உறவுக்குள்ளேயே ஜோடி சேர்வதும் இதே அடையாளத்தைத்தான் முதலில் காட்டும். நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் பட்ஜெரிகர், ஆறு மாதத்துக்குள் முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும். கூண்டில் வேறு துணை இல்லாவிட்டால் உடன்பிறந்ததோடும் பெற்றதோடும் சேரும்.

அதில் என்ன கெடுதல்? எந்தப் பறவைக்கும் பெரும்பாலான மரபணுக்கள் இரண்டிரண்டு பிரதிகளாக இருக்கும், தகப்பன் வழி ஒன்று, தாய் வழி ஒன்று. பத்திரத்துக்கு இரண்டு நகல் வைத்திருப்பது போலத்தான்: ஒன்றில் ஒரு வரி அழிந்துபோனாலும் மற்றதைப் பார்த்துக் காரியம் நடக்கும். இப்படி மறைந்து கிடக்கும் பழுதுகள் எல்லாப் பறவையிடமும் சில உண்டு. உறவில்லாத இரண்டு சேர்ந்தால், இரு பக்கமும் ஒரே இடத்தில் பழுது இருப்பது அபூர்வம். ஒரே வயிற்றில் பிறந்தவை சேர்ந்தால் அது அடிக்கடி நேரும்.

இதற்குக் கணக்கு உண்டு. சொந்தத்தில் திருமணம் நம் ஊரில் பழக்கமானது என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம். அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு, ஒரே மூதாதையின் நகல் இரு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு 6.25 விழுக்காடு. தாய்மாமன் திருமணத்தில் 12.5. கூடப்பிறந்த பறவைகள் சேர்ந்தால் 25. அடுத்த தலைமுறையிலும் அதுவே தொடர்ந்தால் 37.5, மூன்றாவதில் 50. மனிதர்களுக்கு மூன்று தலைமுறை என்றால் முக்கால் நூற்றாண்டு. மொட்டை மாடிக் கூண்டில் இரண்டு வருஷம் போதும்.

கூமுட்டை என்று தூக்கிப்போடுவது பல நேரம் கருத்தரிக்காத முட்டையே அல்ல. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜீப்ரா ஃபின்ச் பறவைகளில் உடன்பிறந்த ஜோடிகளையும் உறவில்லாத ஜோடிகளையும் ஒப்பிட்டு 2012இல் முடிவை வெளியிட்டார்கள். உடன்பிறந்த ஜோடிகளின் முட்டைகளில் கரு உண்டாகியிருந்தது. ஆனால் தொடக்க நாட்களிலேயே செத்துப்போவது அவற்றில்தான் அதிகம். வெறும் கண்ணுக்கு அது வெற்று முட்டையாகத் தெரியும்.

தப்பிப் பொரிந்தவற்றில் எடை குறைவு, எளிதில் நோய் பற்றுவது போன்ற தொல்லைகள் வரலாம். வியாபாரமும் உறவுக்குள் ஜோடி சேர்ப்பதைத் தூண்டுகிறது. புதிய நிறம் ஒரு பறவையில் தோன்றினால், அதைப் பெருக்க அதன் பிள்ளைகளோடே ஜோடி போடுவார்கள். லுட்டினோ என்ற நிற வகைக் காக்டெயில் கிளி 1958இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தோன்றியது. அந்த வழிப் பறவைகள் பலவற்றில் கொண்டைக்குப் பின்னால் இறகில்லாத வழுக்கை இன்றும் தொடர்கிறது. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கூடவே வருவதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம்.

காட்டிலிருந்து புது ரத்தம் வரும் என்று காத்திருக்கவும் முடியாது. பறவையியலாளர் ஜான் கூல்டு 1840இல் ஆஸ்திரேலியாவிலிருந்து உயிருள்ள பட்ஜெரிகர்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஆஸ்திரேலியா தன் காட்டுப் பறவைகளின் வணிக ஏற்றுமதியை நிறுத்திப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. கூண்டுகளில் இருக்கும் வகைதான் கையிருப்பு.

அதைக் காப்பாற்றும் வழிகள் எளியவை. ஆணையும் பெட்டையையும் வெவ்வேறு ஊர்க்காரர்களிடம் வாங்குங்கள். வெவ்வேறு கடை என்பது மட்டும் போதாது, இரண்டுக்கும் ஒரே வளர்ப்பாளர் சரக்குப் போடலாம். குஞ்சுக்கு ஒரு வாரம் ஆகும்போது காலில் எண்ணிட்ட ரிங் மாட்டி, தாய் தகப்பன் எண்ணை நோட்டில் எழுதுங்கள். தானே இரை தின்னத் தொடங்கியதும் குஞ்சுகளைத் தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். ஆவடி, அம்பத்தூர் பக்கம் வளர்ப்பவர்களோடு பறவை மாற்றிக்கொள்ளுங்கள். புதிதாக வருவதை ஒரு மாதம் தனியே வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் விடுங்கள்.

முட்டையிட்டு ஒரு வாரம் ஆனதும் செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு நரம்பு பரவியிருந்தால் கரு வளர்கிறது. நரம்பு கலைந்து ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. ஈடு மாறி ஈடு இப்படியே நடந்தால் ஜோடியைப் பிரித்து, இரண்டுக்கும் உறவில்லாத துணை தேடுங்கள். தாய் எத்தனை தலைமுறை உறவுக்குள் பிறந்திருந்தாலும், துணை முற்றிலும் அந்நியமாக இருந்தால் குஞ்சுக்கு மேலே சொன்ன உறவு விழுக்காடு சுழியம் ஆகிவிடும். பழுது அழியாது, மறுபடி மறைந்துகொள்ளும். அடுத்த தலைமுறையில் யாரோடு யாரைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தே அது வெளியே வரும். அதனால் அந்த நோட்டை மட்டும் மூடிவைத்துவிடாதீர்கள்.