அம்மி இல்லாத அறையிலும் பச்சைத் துவையல்!

ஊரில் இருந்து மும்பைக்கு வருகிறவர் பெட்டியில் துணிமணி வரும். ஊறுகாய் பாட்டில் வரும். அம்மா இடித்துக் கொடுத்த பருப்புப் பொடியும் வரும். அம்மி மட்டும் வராது!

அம்மி வராததால் துவையலும் நின்று போகிறது. தாராவி, சயான் கோலிவாடா, அன்டாப்ஹில், செம்பூர் பகுதிகளில் நாலைந்து பேராகச் சேர்ந்து அறை எடுத்துத் தங்கி இருப்பவர்களின் இரவுச் சாப்பாட்டைப் பார்த்தால் இது தெரியும். சோறு இருக்கும். சாம்பாரோ, ரசமோ இருக்கும். தொட்டுக்கொள்ள ஊறுகாய் இருக்கும். பச்சை இலை என்று ஒன்று தட்டில் இருக்காது.

"வேலை முடிந்து, ரெயிலில் நெருக்கியடித்து வந்து சேரவே 9 மணி ஆகிவிடுகிறது. கீரையை ஆய்ந்து, கடைந்து சாப்பிட நேரம் எங்கே இருக்கிறது?" என்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் ஒரு கட்டு கொத்தமல்லியைத் துவையல் ஆக்க 20 நிமிடம் போதும். நான்கு பேருக்கு அது கீரைக்கு ஈடாகும். அம்மியும் வேண்டியது இல்லை.

இத்தாலியின் துவையல்

இலையை இடித்துச் சாப்பிடும் பழக்கம் நமக்கு மட்டும் உரியது அல்ல. இத்தாலியில் ஜெனோவா என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அந்த ஊரின் புகழ் பெற்ற உணவு 'பெஸ்டோ'. இது ஒரு பச்சைத் துவையல்தான். 'பெஸ்தாரே' என்றால் அவர்கள் மொழியில் இடித்தல், நசுக்குதல் என்று பொருள். அதில் இருந்தே இந்தப் பெயர் வந்தது.

பேசில் என்ற வாசனை இலை, பூண்டு, பைன் மரத்துப் பருப்பு, கல் உப்பு, இரண்டு வகைப் பாலாடைக் கட்டி, ஆலிவ் எண்ணெய். மொத்தம் ஏழு பொருள்கள். இவற்றைப் பளிங்குக்கல் உரலில் போட்டு, மர உலக்கையால் சுழற்றிச் சுழற்றி நசுக்குவார்கள். அடுப்பில் வைப்பதே இல்லை. நாம் சோற்றில் பிசைவது போல், அவர்கள் வெந்த மாவுப் பண்டத்தில் கலந்து சாப்பிடுகிறார்கள். கூடவே உருளைக்கிழங்கும் பீன்சும் சேர்ப்பது உண்டு.

1863-ல் ஜெனோவாவில் வெளியான ஒரு சமையல் புத்தகத்தில் இதன் செய்முறை இருக்கிறது. பேசில் கிடைக்காவிட்டால் வேறு வாசனை இலைகளைப் போட்டுக்கொள்ளலாம் என்று அந்தப் புத்தகமே வழி சொல்கிறது. ஜெனோவாப் பகுதியில் விளையும் பேசில் இலைக்கு 2005-ல் ஐரோப்பிய அளவில் பெயர்ப் பாதுகாப்பும் கிடைத்தது. அவ்வளவு பெருமை உள்ள பண்டத்துக்கே, "இருப்பதைக் கொண்டு செய்" என்பதுதான் விதி!

மராட்டியர் வீட்டிலும் இது உண்டு. பச்சை மிளகாய், பூண்டு, உப்பு, வேர்க்கடலை சேர்த்து இடிக்கும் 'டேச்சா' அது. பாக்ரி ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வார்கள். அதை இடிக்கும் சிறு உரலுக்குக் 'கல்பத்தா' என்று பெயர். மும்பைப் பாத்திரக் கடைகளில் கிடைக்கும். பெட்டியில் வராத அம்மிக்குப் பதிலாக, அறையின் மூலையில் அடங்கி இருக்கும் பொருள் இது.

வாங்குவது எப்படி?

மார்க்கெட்டில் கொத்தமல்லி என்றால் சிலருக்குப் புரியாது. மராத்தியில் அது 'கொத்திம்பீர்'. கட்டுக்கு 'ஜூடி' என்று பெயர். புதினா எல்லா மொழியிலும் புதினாதான். கறிவேப்பிலைக்குக் 'கடிபத்தா' என்று கேட்க வேண்டும்.

இலை கரும்பச்சையாக, நிமிர்ந்து நிற்க வேண்டும். அடிக்காம்பு வழவழப்பாக இருந்தால் அழுகத் தொடங்கிவிட்டது என்று அறியலாம். கொத்தமல்லியின் இளங்காம்பை எறியக்கூடாது. வாசனை அதில்தான் நிறைய இருக்கிறது. வேரையும், முற்றிய அடிக்காம்பையும் மட்டும் நறுக்கிவிட்டால் போதும்.

மழைக்காலம் ஜாக்கிரதை!

துவையலில் ருசியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது தண்ணீர்.

இலை மண்ணை ஒட்டி வளருவது. வழியில் எந்தத் தண்ணீரைத் தெளித்துப் பசுமையாக வைத்திருக்கிறார்கள் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ, ஈ கிருமிகள் அசுத்தமான தண்ணீர் மூலமும், உணவு மூலமும் பரவுகின்றன. கர்ப்பிணிகளுக்கு ஈ வகை உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மழைக்காலத்தில் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் கலக்கும் இடங்களில் இந்தப் பயம் அதிகம்.

தினக்கூலிக்கு வந்தவர் ஒரு மாதம் படுத்துவிட்டால் ஊரில் அடுப்பு எரியாது. ஆகவே கழுவுவதில் சோம்பல் கூடாது.

அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, இலையைப் போட்டு அலச வேண்டும். பிறகு இலையைக் கையால் அள்ளி வெளியே எடுக்க வேண்டும். தண்ணீரைச் சாய்த்து வடித்தால், அடியில் தங்கிய மண் திரும்பவும் இலை மேல் விழும். மண் வராத வரை மூன்று, நான்கு முறை இப்படிச் செய்யலாம். கடைசி அலசலுக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் நல்லது. பின்பு துணியில் பரப்பி ஈரத்தை உலர்த்த வேண்டும்.

சாண்ட்விச்சில் தடவும் மும்பைப் பச்சைச் சட்னி, இலையை வேக வைக்காமல் அரைப்பது. நம் துவையல் எண்ணெயில் வதக்கி அரைப்பது. சூட்டில் கிருமிகள் பெரும்பாலும் மடிந்துவிடும். மழை மாதங்களில் நம் பாட்டி வழியே பாதுகாப்பானது.

செய்முறை

நான்கு பேருக்குத் தேவையானவை:

கொத்தமல்லி - 1 பெரிய கட்டு
புதினா - 1 கைப்பிடி
வேர்க்கடலை - 1 கைப்பிடி
பச்சை மிளகாய் - 4
பூண்டு - 4 பல்
புளி - சிறு நெல்லிக்காய் அளவு
எண்ணெய் - 3 ஸ்பூன்
உப்பு - தேவையான அளவு

வேர்க்கடலையை வெறும் சட்டியில் வறுத்து, ஆறியதும் தோலை ஊதிவிடவும். அதே சட்டியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மிளகாய், பூண்டு, புளி மூன்றையும் வதக்கவும். மிளகாயைக் கீறிப் போட வேண்டும். முழுசாகப் போட்டால் வெடித்து முகத்தில் தெறிக்கும். கடைசியில் இலைகளைப் போட்டு, நன்றாகச் சூடேறிச் சுருங்கும் வரை புரட்டவும். சுருங்கியதும் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் வதக்கினால் நிறமும் போகும், வாசனையும் போகும்.

மிக்சியில் முதலில் கடலையைப் பொடிக்கவும். அடுத்து மிளகாய், பூண்டு, புளி, உப்பு. இலையைக் கடைசியில் சேர்க்கவும். மிக்சியைத் தொடர்ந்து ஓடவிடக்கூடாது. விட்டு விட்டு ஓட்ட வேண்டும். இலை நசுங்கிக் காற்றுப் பட்டதும் கறுக்கத் தொடங்கும். மிக்சியின் சூடு அதை விரைவுபடுத்தும். ஜெனோவாக்காரர்கள் இன்றும் உரலை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்ணீர் விடாமல், மீதி எண்ணெயைச் சேர்த்து அரைத்தால் கெட்டியாக வரும். தண்ணீர் விட்டே ஆகவேண்டும் என்றால் கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு ஸ்பூன் போதும்.

கல்பத்தாவில் இடிப்பவர்கள் உப்பையும் பூண்டையும் முதலில் போடட்டும். கல் உப்பு மணல் போல் உரசி, இலை எளிதில் மசிய உதவும்.

ஜன்னலில் ஒரு பச்சிலை

இத்தாலிக்காரன் பயன்படுத்தும் பேசில் நமக்குப் புதிது அல்ல. ஊரில் திருநீற்றுப் பச்சிலை என்று சொல்கிறோமே, அதன் இனம்தான் அது. பலூடாவில் வழவழவென்று மிதக்கும் சப்ஜா விதையும் இந்தச் செடியின் விதைதான். துளசி வேறு. அதன் காரம் இதற்குப் பொருந்தாது.

பழைய டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, சப்ஜா விதையைத் தூவி வெயில் படும் ஜன்னலில் வைத்தால் முளைத்து வரும். பூ மொட்டைக் கிள்ளிவிட்டால் இலை அடர்த்தியாகத் தழைக்கும். ஜெனோவா ரகத்தின் மணம் அப்படியே வராது. ஆனாலும் நல்ல மணம்.

இரண்டு கைப்பிடி இலை, 2 பல் பூண்டு, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, உப்பு, நான்கு ஸ்பூன் எண்ணெய் சேர்த்து இடித்தால் ஏழைகளின் பெஸ்டோ தயார். பைன் பருப்பு இங்கே 'சில்கோசா' என்ற பெயரில் விற்கிறது. அதன் விலைக்கு வேர்க்கடலை மூட்டை கட்டி வாங்கலாம்! கிடைத்தால் கொஞ்சம் சீஸ் துருவிப் போடலாம். சப்பாத்தியில் தடவிச் சாப்பிட ருசியாக இருக்கும். இதை வதக்குவது இல்லை. ஆகவே இலை சுத்தமாக இருந்தால் மட்டுமே செய்ய வேண்டும்.

எத்தனை நாள் இருக்கும்?

வதக்கி, தண்ணீர் விடாமல் அரைத்த துவையலை மூடிய பாத்திரத்தில் பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் வரை சாப்பிடலாம். மேலே எண்ணெய் மிதந்தால் நிறம் மாறாது.

ஆனால் எண்ணெய் மூடி இருக்கிறதே என்று வெளியே வைத்துவிடக்கூடாது. பூண்டில் ஒட்டி இருக்கும் ஒருவகைக் கிருமி, காற்றுப் படாத எண்ணெய்க்கு அடியில் விஷத்தை உண்டாக்கலாம். வாடையில் அது தெரியாது. பிரிட்ஜ் இல்லாத அறையில் அன்றைக்கு அரைத்ததை அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

பிரிட்ஜ் இல்லாதவர்களுக்குக் கறிவேப்பிலைப் பொடி நல்லது. இலையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, மொறுமொறுவென்று வறுத்து, வறுத்த உளுத்தம் பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம், உப்பு சேர்த்துப் பொடித்தால் வாரக்கணக்கில் கெடாது. ஈர ஸ்பூன் மட்டும் படக்கூடாது.

உடம்புக்கு என்ன லாபம்?

இலையில் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் 'ஏ' சத்தாக மாறும் பொருள் இருக்கிறது. அது உடம்பில் சேர எண்ணெய் வேண்டும். துவையலில் எண்ணெயும் கடலையும் இருக்கின்றன. வேர்க்கடலையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு புரதம். பருப்பு விலை ஏறும் நாட்களில் இது பெரிய உதவி.

இலையில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் ஒட்ட, சாப்பிடும்போது சில சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளலாம். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது நம்மவர் பழக்கம். டீ இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் நல்லது.

ஒரு ஸ்பூன் துவையலால் ரத்தசோகை தீர்ந்துவிடாது. சோர்வும் மூச்சு வாங்குதலும் இருந்தால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் ஒரு கட்டு இலையை நான்கு பேர் பங்கிட்டு, வாரத்தில் நான்கு நாள் சாப்பிட்டால், ஊறுகாயை மட்டும் நம்பி இருந்த தட்டில் அது பெரிய மாற்றம்.

அறையில் வேலையைப் பங்கிட்டுக்கொண்டால் பாரமும் தெரியாது. முதலில் வருகிறவர் கட்டு வாங்கி வரட்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் இருப்பவர் அலசி வைக்கட்டும். ஒருவர் வதக்க, ஒருவர் அரைக்கலாம். சோறு வேகும் நேரத்துக்குள் துவையல் தயாராகிவிடும். சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால், அன்றைக்குச் சாம்பாரே தேவைப்படாது!