கொழுப்பு நீக்கிய பின் தோன்றும் மேடு பள்ளங்கள்

நம் இல்லங்களில் முற்காலத்தில் வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய வியாதிகள் பல இருந்தன. அத்தயக்கம் இன்று பெரும்பாலும் அகன்றுவிட்டது. ஆயினும், அழகை நாடிச் செய்துகொள்ளும் ரணசிகிச்சை மட்டும் இன்னும் மறைவாகவே நடைபெற்று வருகிறது. ஊரிலுள்ள தாயாருக்குச் சொல்லாமல், அண்டை வீட்டாருக்கும் தெரியாமல், ஆபீசில் நான்கு நாள் லீவு போட்டுவிட்டு, மும்பையிலோ தில்லியிலோ வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துக்கொண்டு வீடு திரும்புவோர் நம்மவரிலும் இருக்கின்றனர். பெண்கள் மட்டுமன்று, மார்பு பெருத்ததால் சட்டையைக் கழற்றக் கூசும் இளைஞர்களும் இதனை நாடுகின்றனர். அதில் குற்றம் காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் சிகிச்சை இரகசியமானால், அதன் பின்விளைவுகளும் இரகசியமாகிவிடுகின்றன. இரண்டு வாரம் கழித்துக் கண்ணாடி முன் நின்று பார்க்கும்போது, வழவழப்பாக இருக்குமென்று எண்ணிய வயிறு மேடும் பள்ளமுமாகவும், தொட்டால் கட்டி கட்டியாகவும் இருப்பதைக் கண்டு திடுக்கிடுபவர் யாரிடம் போய்க் கேட்பார்?

இத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவை தாமே கரைந்து போகக்கூடியவை. சில, மாதங்கள் சென்றபின் திருத்த வேண்டியவை. வெகு சிலவோ, ஒரு நாளும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டியவை. இம்மூன்றையும் பிரித்தறியக் காலமே முதல் அளவுகோல்.

லைபோசக்‌ஷன் எனப்படும் இச்சிகிச்சை அவ்வளவு பழமையானதன்று. 1921இல் பாரிஸில் துஜாரியே என்ற ஸர்ஜன், ஒரு பெண்ணின் காலிலிருந்த கொழுப்பைக் கருவியால் சுரண்டி எடுக்க முயன்று, இரத்தக் குழாய் சேதமுற்று, அக்காலையே துண்டிக்க நேர்ந்தது. அதன்பின் நெடுங்காலம் எவரும் இத்துறையில் துணியவில்லை. 1970களில் ரோமாபுரியைச் சேர்ந்த ஃபிஷர் என்ற தந்தையும் மகனும் உறிஞ்சும் முறையொன்றை வகுத்தனர். 1977இல் பாரிஸைச் சேர்ந்த இலூஸ் என்பவர், கூர்மையற்ற முனையுடைய குழலைப் பயன்படுத்தி, நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் கூடியவரை காப்பாற்றும் வழியைக் காட்டினார். பின்னர் அமெரிக்கத் தோல் வைத்தியர் ஜெஃப்ரி க்ளைன், மரத்துப்போகும் மருந்தும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்தும் கலந்த உப்புநீரை ஏராளமாகக் கொழுப்பினுள் செலுத்தி, அதன்பின் உறிஞ்சும் முறையை 1987இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் கையாளப்படுவது பெரும்பாலும் இம்முறையே.

தோலின் கீழுள்ள கொழுப்பை வாணலியிலிருந்து எண்ணெயை வடிப்பதுபோல் வடித்துவிட முடியாது. சில மில்லிமீட்டர் கனமுள்ள உலோகக் குழலை ஸர்ஜன் விசிறிபோல் பல திசைகளில் செலுத்திச் செலுத்தி எடுக்கிறார். ஒவ்வொரு முறை செலுத்தும்போதும் ஒரு சிறு சுரங்கம் உண்டாகிறது. இறுதியில் அவ்விடம் தேன்கூடு போன்று துளைகள் நிறைந்ததாகிறது. அத்துளைகள் அமிழ்ந்து ஒட்டிக்கொள்ளும்போதுதான் வயிறு தட்டையாகிறது. ஒட்டுவது எங்கும் ஒரே சமயத்தில், ஒரே அளவில் நிகழ்வதில்லை. மேடு பள்ளங்களின் மூலகாரணம் இதுவே.

முதல் ஓரிரு நாட்கள், உள்ளே செலுத்திய நீர் துவாரங்கள் வழியே இரத்தம் கலந்து கசியும், படுக்கை நனையும். இது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வீக்கம் முதல் வாரத்தில் மிகுதியாக இருக்கும். ஆகவே, எடை குறையும் என்று எண்ணியவர்கள் எடை கூடியிருப்பதைக் கண்டு வியப்பதுண்டு. இரத்தக்கட்டின் நீலநிறம் கீழ்நோக்கி இறங்கும். வயிற்றில் செய்த சிகிச்சைக்கு அடிவயிற்றின் கீழும் தொடையிலும் வீக்கம் தோன்றும். இரண்டு மூன்று வாரங்களில் நிறம் மறையும். அப்போதுதான் கடினம் ஆரம்பிக்கிறது. உடல் தன் காயத்தை ஆற்றுவதற்காக நெய்யும் தழும்புத்திசு, தோலின் கீழ்ப் பலகைபோலவும் கயிறுபோலவும் விரலுக்குத் தட்டுப்படும். வெளியே தெரியும் தழும்பு முதலில் தடித்துச் சிவந்து, பல மாதங்களில் மெலிந்து வெளுப்பதை நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். உள்ளேயும் அதுவே நடக்கிறது. இக்கடினம் பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் இளகத் தொடங்கும். முழு வடிவம் தெரிய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை செல்லலாம். தோலில் உணர்ச்சி மந்தமாக இருப்பதும் சில மாதங்கள் நீடிக்கும்.

இவ்வுணர்ச்சிக் குறைவைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. கட்டியென்றால் ஒத்தடம் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்தால், சூடு உறைக்காத காரணத்தால் தோல் வெந்துபோவதே தெரியாமலிருக்கும். ஐஸ் கட்டியை நேரே வைப்பதும் அவ்வாறே தீங்கு செய்யும். இந்த ஒரு விஷயத்தில் பாட்டி வைத்தியத்தைத் தள்ளிவைப்பதே உத்தமம்.

சிகிச்சைக்குப்பின் அணியக் கொடுக்கும் இறுக்கமான உடையை ஆஸ்பத்திரியில் 'பெல்ட்' என்றே சொல்வார்கள். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் வரை, அதிலும் முதல் வாரங்களில் இரவும் பகலும், அணியச் சொல்வது வழக்கம். சென்னையின் சித்திரை வெயிலிலும் மும்பையின் மழைக்காலப் புழுக்கத்திலும் இது பெருந்துன்பந்தான். எனினும் இதனை ஒழுங்காக அணிவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. உட்காரும்போது இடுப்பில் உடை சுருண்டு மடிந்தால், அம்மடிப்பு வீங்கிய தோலில் பள்ளமாகப் பதியும்; அதே இடத்தில் நாள்தோறும் பதிந்தால், நிலைத்த வரியாகவும் மாறலாம். அதிக இறுக்கம் நல்லதென்று எண்ணிச் சிறிய அளவு உடையை வாங்குவதும் தவறு. தோலின் இரத்த ஓட்டத்தையே அது தடுத்துவிடும். வீக்கம் வடிய வடிய உடை தொளதொளத்துப் போகும். அப்போது அளவு மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். கேட்கத் தயங்கிப் பழைய பெல்ட்டையே ஊசிகுத்தி இழுத்துக் கட்டுவோரும் உண்டு.

மசாஜ் என்றதும் நம்மவருக்கு நல்லெண்ணெய் நினைவுக்கு வருகிறது. பிள்ளை பெற்றவளுக்குச் செய்வதுபோல அழுத்தித் தேய்த்துவிடும் கை இதற்கு ஆகாது. இங்கே வேண்டுவது, தோலை இலேசாக நகர்த்தி, நிணநீரை வடியச் செய்யும் மிருதுவான முறை. டென்மார்க்கைச் சேர்ந்த வோடர் தம்பதிகள் 1930களில் இம்முறையை வகுத்தனர். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் இதனைச் செய்யலாம். துவாரங்கள் ஆறி, வலி தணிந்து, ஸர்ஜன் அனுமதித்த பின்னரே தொடங்க வேண்டும். நடப்பது மட்டும் முதல் நாளிலிருந்தே நல்லது.

ஒரே இடத்தில் பந்துபோல் புடைத்து, தட்டினால் அலைபோல் அசையும் வீக்கம் வேறு வகை. அங்கே நீர் தேங்கியிருக்கிறது, 'சீரோமா' என்பர். டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுத்து, மீண்டும் அழுத்தம் கொடுப்பார். ஒரு முறையில் தீராமல் இரண்டு மூன்று முறை எடுக்க வேண்டியும் வரலாம். அப்படியே விட்டுவிட்டால், அதனைச் சுற்றித் தடித்த உறை உண்டாகிப் பின்னர் உண்மையான கட்டியாகிவிடும்.

இனி, ஆறு மாதம் கடந்தும் நிற்கும் மேடு பள்ளங்களைப் பார்ப்போம். தோலுக்கு மிக அருகில் குழலைச் செலுத்தியதாலோ, ஓரிடத்தில் அளவுக்கு மீறி எடுத்ததாலோ பள்ளம் விழுகிறது. குறைவாக எடுத்த இடம் மேடாக நிற்கிறது. தோல், அடியிலுள்ள தசையுறையோடு ஒட்டிக்கொண்டால், அசையும்போது குழி விழும். பிள்ளைப்பேற்றால் தளர்ந்த தோலோ, கொழுப்பு நீங்கியதும் காற்றிறங்கிய பலூன்போல் சுருங்கித் தொங்கும். இது ஸர்ஜனின் கைப்பிழையன்று, தோலின் தளர்ச்சி. இதனை முன்னரே சொல்லாமல் விட்டிருந்தால் மட்டும் அது அவர் பிழை. இன்னொன்றும் உண்டு. சிகிச்சைக்கு முன்பே இருந்த ஏற்றத்தாழ்வைப் பின்னர்தான் பலர் கவனிக்கின்றனர். எவருடைய உடலும் இருபுறமும் ஒன்றுபோல் அமைந்ததன்று. ஆகவே, முன்பு எடுத்த புகைப்படங்களை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

திருத்தம் செய்ய எல்லாவற்றிற்கும் ஒரே வழி இல்லை. மேட்டில் மீதியிருக்கும் கொழுப்பை மெல்லிய குழலால் மீண்டும் எடுக்கலாம், இது எளிது. பள்ளத்தை நிரப்புவதே கடினம். உடலின் வேறோரிடத்திலிருந்து கொழுப்பை எடுத்துச் சுத்தம் செய்து, ஒட்டியிருக்கும் தழும்பை விடுவித்து, சிறு சிறு துளிகளாகப் பள்ளத்தில் வைக்கின்றனர். நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நட்ட பயிர் எல்லாமே பிழைப்பதில்லை அல்லவா? அதுபோல், வைத்த கொழுப்பில் ஒரு பகுதி கரைந்துவிடும். சிலருக்கு இரண்டாம் முறையும் வேண்டும். தளர்ந்த தோலுக்கோ, அதிகமான தோலை வெட்டி நீக்கும் பெரிய ரணசிகிச்சையே பரிகாரம். அது நீண்ட தழும்பை விட்டுச் செல்லும். எதுவாயினும், திசுக்கள் இளகும் வரை ஆறு மாதமாவது காத்திருப்பது நியாயம். வீக்கத்தின் மேல் திருத்தப் புகுவது, ஈரச்சுவரில் சுண்ணாம்பு அடிப்பது போன்றது. உடல் எடையும் ஒரு நிலைக்கு வந்திருக்க வேண்டும். புகை பிடிப்பவர் அதனை நிறுத்த வேண்டும்.

இக்காத்திருக்கும் காலத்தில்தான் ஏமாற்றுக்காரர்களுக்கு வேட்டை. கட்டியைக் கரைக்கும் ஊசி என்று அழகு நிலையங்களில் கூவி விற்கின்றனர். கொழுப்பைக் கரைக்கும் டீஆக்சிகோலிக் அமிலம் என்ற மருந்தை அமெரிக்க அரசு 2015இல் அனுமதித்தது, மோவாயின் கீழுள்ள கொழுப்புக்கு மட்டுமே. அதனையோ, பெயர் தெரியாத வேறு கலவையையோ, தழும்பேறிய வயிற்றில் பார்லர் பெண்மணி குத்துவதற்குச் சம்மதிப்பது விவேகமாகாது.

காத்திருக்கக் கூடாத கட்டிகள் எவை? நன்றாக ஆறிவந்த இடத்தில், சில வாரமோ சில மாதமோ கழித்து, புதிதாக ஒரு கட்டி தோன்றிச் சிவந்து, வலித்து, சீழோ நீரோ கசிந்தால், அது ஆறுதலின் பகுதியன்று. காசநோய்க் கிருமியின் உறவான ஒருவகை மைக்கோபாக்டீரியக் கிருமிகள் தண்ணீரில் வாழ்பவை. கருவிகளைச் சரிவரச் சுத்திகரிக்காத இடங்களில் இவை உட்புகுகின்றன. டொமினிகன் குடியரசுக்குச் சென்று அழகுக்கான ரணசிகிச்சை செய்துகொண்டு திரும்பிய அமெரிக்கர் சிலருக்கு இந்நோய் கண்டதை, 2004இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை வெளியிட்டது. சாதாரண சீழ்ப் பரிசோதனையில் இக்கிருமி அகப்படாமல் போகலாம். வழக்கமான மருந்துகளுக்கும் மசியாது. மாதக்கணக்கில் பல மருந்துகளைச் சேர்த்துத் தர வேண்டும். ஆகவே, புதிய டாக்டரிடம் செல்பவர், கொழுப்பு நீக்கிய விவரத்தை மறைக்காமல் சொல்லி, இக்கிருமிக்கும் பரிசோதிக்குமாறு கேட்க வேண்டும். மானம் கருதி அதனை மறைப்பவருக்கு, டாக்டர் வெறும் கொப்புளத்துக்கு மருந்து தருவார்.

முதல் நாட்களில் கடுஞ்சுரம், வேகமாகப் பரவும் சிவப்பு, அளவுக்கு மீறிய வலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவை தோன்றினால், நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இரத்தம் உறைந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. லீவு முடிகிறதென்று, சிகிச்சையான சில நாட்களிலேயே தில்லியிலிருந்து சென்னைக்கு ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் உட்கார்ந்தபடி பிரயாணம் செய்வது இதனால்தான் தகாது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இன்னொரு தொல்லை உண்டு. சிகிச்சை ஓர் ஊரில், வாசம் வேறோர் ஊரில். ஊருக்குப் போன இடத்தில் செய்துகொண்டு திரும்பியவர், கட்டி தோன்றினால் செய்தவரிடம் காட்ட இயலாது. இங்குள்ள டாக்டரோ, பிறர் கைபட்ட இடத்தைத் தொடத் தயங்குவார். புறப்படும் முன்பே, எவ்வளவு கொழுப்பு எடுக்கப்பட்டது, எந்தெந்த இடத்தில், என்ன மருந்து என்ற விவரங்களடங்கிய குறிப்பைக் கையோடு வாங்கிக்கொண்டால் இச்சங்கடம் பாதி குறையும். நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைக் கொடுக்க வேண்டுமென்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் கூறுகின்றன. கவனக்குறைவால் கேடு விளைந்ததென்று உறுதியானால், நுகர்வோர் மன்றமும் இருக்கிறது. பணம் பெற்றுச் செய்யும் வைத்தியம் அச்சட்டத்துக்கு உட்பட்டதென்று 1995இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிகிச்சை நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. தாம் வசிக்கும் ஊரிலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். ஓராண்டு பொறுத்திருந்து பார்க்க எண்ணுவோர் இக்கெடுவை மனத்தில் வைத்து, மாதந்தோறும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் நின்று, தேதியிட்ட புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வது நலம். திருத்தம் செய்ய வரும் ஸர்ஜன் முதலில் கேட்பதும் அப்படங்களைத்தான்.