காத்திருக்கும் ஆட்டக்காரர்



அமெரிக்க மக்கள் ‘புட்போல்’ என வழங்கும் ஆட்டம் நாம் நன்கறிந்த உதைபந்தாட்டம் அன்று. முட்டை வடிவான பந்தொன்றைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லையை எட்ட முயலும் ஆட்டம் அது. களத்தில் ஒவ்வோர் அணிக்கும் 11 பேர் நிற்பர். பந்தைக் கொண்டு முன்னேறும் அணியில் ‘குவாட்டர்பாக்’ எனப்படுபவரே தலைமை தாங்குவார். பந்தை எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா என்பதை இமைப்பொழுதில் அவர் முடிவுசெய்தல் வேண்டும். அவரை வீழ்த்துவதற்கென்றே எதிரணியின் வலிய ஆட்டக்காரர் பாய்ந்து வருவர். ஆகவே, அணிக்கு மிகவும் இன்றியமையாதவரும் அவரே. எந்நேரமும் காயமுறக் கூடியவரும் அவரே.

அவர் விழுந்தால் அவ்விடத்தை நிரப்புபவர் யார்? அதற்கென ஓர் இளைஞரை முன்கூட்டியே தெரிவு செய்துவைத்தல் தகுமா? இக்கேள்வி அங்கே ஆண்டுதோறும் எழுகின்றது.

இதன் சிக்கலை உணர, ‘டிராப்ட்’ எனப்படும் தெரிவுமுறையை அறிதல் வேண்டும். 1936ஆம் ஆண்டில் தொடங்கிய இம்முறைப்படி, கல்லூரிகளில் ஆடித் தேர்ந்த இளைஞரை அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிவு செய்கின்றன. முந்திய பருவத்தில் பின்தங்கிய அணிக்கே முதல் வாய்ப்பு. இன்று 32 அணிகள் 7 சுற்றுக்களில் தெரிவு செய்கின்றன. வாய்ப்புக்களோ சில. ஒரு வாய்ப்பைப் பதிலாளுக்குச் செலவிட்டால், உடனே களமிறங்கக்கூடிய வேறோர் ஆட்டக்காரரை இழக்க நேரும். பதிலாளோ, மூத்தவர் நலமாயிருக்கும் வரை ஓரத்தில் அமர்ந்திருப்பார்.

எனினும், பதிலாளைப் புறக்கணிப்பதும் ஆபத்தே. இண்டியானாபோலிஸ் அணி பேற்றன் மானிங் என்னும் பெருவீரரையே நம்பியிருந்தது. கழுத்துச் சிகிச்சை காரணமாக 2011ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. முந்திய பருவத்தில் 10 ஆட்டங்களில் வென்ற அவ்வணி, அப்பருவத்தில் 16 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்றது.

மறுபுறம், நியூ இங்கிலாந்து அணியைப் பாருங்கள். ட்ரூ பிளெட்சோ என்னும் சிறந்த குவாட்டர்பாக் இருந்தும், 2000ஆம் ஆண்டில், ஆறாஞ் சுற்றில், 199ஆவதாக ஓர் இளைஞரை அவ்வணி தெரிவு செய்தது. 2001 செப்டெம்பரில் பிளெட்சோ கடுங் காயமுற்றார். அவ்விடத்துக்கு வந்த அவ்விளைஞர், அப்பருவ முடிவிலேயே அணிக்கு முதன்முதலாகச் சம்பியன் பட்டம் ஈட்டித் தந்தார். அவர்தாம் ரொம் பிறேடி. ஆனால், கடைச்சுற்றுக்களில் தெரிவு செய்யப்படுவோர் அனைவரும் பிறேடிகள் ஆகிவிடுவதில்லை என்பதையும் மறத்தலாகாது. அங்கே செலவு சிறிது. ஆதலால், ஏமாற்றமும் சிறிது.

முதற் சுற்றுக்களில் பதிலாளைத் தெரிவு செய்வதோ முற்றிலும் வேறான செயல். பிலடெல்பியா அணி 2019ஆம் ஆண்டில் கார்சன் வென்ற்ஸ் என்பவருடன் பெருந்தொகைக்கு நீண்ட ஒப்பந்தம் செய்தது. மறு ஆண்டே இரண்டாஞ் சுற்றில் ஜேலன் ஹேர்ட்ஸ் என்பவரைத் தெரிவு செய்தது. ‘இருப்பவரிடம் நம்பிக்கை இல்லையா?’ என்ற வினா உடனே எழுந்தது. அவ்வாண்டு முடியுமுன்னரே வென்ற்ஸ் தம் இடத்தை இழந்தார். 2021இல் அணியை விட்டும் சென்றார். 2025 பெப்ரவரியில் ஹேர்ட்ஸ் அதே அணியைச் சம்பியனாக்கினார். அணிக்கு நன்மை விளைந்தது மெய். அதற்கான விலையை ஒரு மனிதர் கொடுத்தார் என்பதும் மெய்யே.

இன்னொரு வழியும் உண்டு. அதே பிலடெல்பியா அணியில் 2017 டிசெம்பரில் வென்ற்ஸ் காயமுற்றபோது கைகொடுத்தவர், அனுபவம் முதிர்ந்த நிக் போல்ஸ். முன்பு அவ்வணியில் ஆடி, வேறிடஞ் சென்று மீண்டவர் அவர். 2018 பெப்ரவரி இறுதியாட்டத்தில் பிறேடியின் அணியை 41–33 என வீழ்த்தியவரும் அவரே. இவ்வருங்காரியம் புதிய இளைஞர் ஒருவரால் உடனே ஆகியிருக்குமா என்பது ஐயமே.

அப்படியாயின், முடிவு யாது? அணி தன்னைத் தானே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: நாம் தேடுவது காவலா, வாரிசா? மூத்தவர் இளமையும் உறுதியும் உள்ளவராயின், தேவை காவல் மட்டுமே. அதற்கு அனுபவசாலி ஒருவரோ, கடைச்சுற்று இளைஞர் ஒருவரோ போதும். மூத்தவர் முதுமையை அணுகினால், தேவை வாரிசு. அப்போது உயர்ந்த வாய்ப்பைச் செலவிடலாம். ஆனால், அந்நோக்கத்தை மூத்தவருக்கு மறையாது உரைத்தல் வேண்டும். காவல் என்று சொல்லி வாரிசைக் கொணரும் அணி, ஓர் ஆட்டக்காரரைப் பெறும்போதே இன்னொருவரின் நம்பிக்கையை இழந்துவிடுகின்றது.