புலமை கூத்தைத் தேடிச் சென்ற காலம்

ஆலயப் பிரவேசத்தை மறுப்பது குற்றம் என 1957 ஆம் ஆண்டிலேயே இலங்கையில் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. ஆயினும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. சட்டத்தால் திறக்க முடியாதுபோன கதவின் முன்னே கலையும் வந்து நின்றது. அக்கலைக்கு வடிவம் கொடுத்ததில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற ஓர் ஆய்வு முயற்சிக்குக் கணிசமான பங்குண்டு.

படித்தவர்கள் பாமரரின் ஆட்டம் என ஒதுக்கிவைத்த கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தேடிச் சென்றார். மட்டக்களப்பின் 'அலங்கார ரூபன்', மன்னாரின் 'மூவிராசர்' முதலிய நாடகங்களைப் பதிப்பித்தார். அத்துடன் நின்றுவிடாது, வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரைக் கொண்டு மாணவருக்கு ஆட்டம் பழக்கி, 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1965) ஆகியவற்றை மேடையேற்றினார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் சுருங்கியது. வட்டக்களரியின் உயிர் இதனால் குறைந்தது என்ற விமர்சனம் முற்றிலும் தவறானதன்று. ஆனால், சுருக்கியிராவிடில் நகரத்து மண்டபம் அதனைப் பார்த்தே இருக்காது.

இராவணேசனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, 1969 இல் 'சங்காரம்' நாடகத்தை ஆக்கினார். அரசர்களின் போரை ஆடிவந்த வடமோடி, அதிலே சாதியையும் வர்க்கத்தையும் எதிர்த்து ஆடியது. ஆசிரியர் கலைவடிவமாக மீட்டதை மாணவர் அரசியலாக்கினார் எனலாம்.

யாழ்ப்பாணத்திலோ, என். கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை' காத்தவராயன் கூத்துப் பாணியில் மேடையேறியது. காத்தவராயன் கூத்து, அம்மன் கோயில்களில் நேர்த்திக்காக ஆடப்படுவது; சாதி மீறிய காதலுக்காகக் கழுமரம் ஏறுபவனின் கதை. அதன் மெட்டுக்களை அறியாத கிராமம் குடாநாட்டில் இல்லை. கந்தனின் பெயரால் மறுக்கப்பட்ட நீதி, அம்மெட்டுக்களில் கந்தனின் பெயராலேயே கேட்கப்பட்டது. துண்டுப்பிரசுரமாக இருந்திருந்தால் கிழித்தெறிந்திருப்பார்கள். தாம் சிறுவயது முதல் முணுமுணுத்த பாட்டை என்ன செய்வது?

இவற்றைப் பிரசாரம் என்று முகஞ்சுழித்தோரும் இருந்தனர். பிரசாரம்தான்; அதனை மறைக்க வேண்டியதில்லை. நமக்குள்ள குறை வேறு. இம்முயற்சிகளைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் பேராசிரியர்களின் பெயர்களும் நாடகாசிரியர்களின் பெயர்களும் தவறாது வருகின்றன. ஆட்டம் பழக்கிய அண்ணாவிமார் பலர் இன்றும் ஊர்ப் பெயரால் மட்டுமே குறிக்கப்படுகின்றனர்.