யார் கடன் முதல் கடன்?

கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவரைக் கண்டால் ஒளிவது உலக வழக்கம். பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொள்வான். "அப்பா குளிக்கிறாரு" என்று குழந்தையை விட்டுச் சொல்ல வைப்பான். ஆனால், கடன் கொடுத்தவர் வாங்கினவனைக் கண்டு ஒளிந்த கதையைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எனக்கு நடந்தது!

எனக்கு வீடு திண்டிவனத்தில், ஆபீஸ் விழுப்புரத்தில். சீசன் டிக்கெட் ஆசாமி. காலை பாசஞ்சரில் மூன்றாவது பெட்டி எங்கள் கோஷ்டிக்குப் பட்டா போட்ட மாதிரி. அடுத்த ஸ்டேஷனான மயிலத்தில் ஒரு நண்பர் ஏறுவார். பேரணி வருவதற்குள் அரசியல், விக்கிரவாண்டி வருவதற்குள் சினிமா, முண்டியம்பாக்கம் வருவதற்குள் மேனேஜரைத் திட்டுவது என்று டைம் டேபிள் போட்டது போல அரட்டை போகும்.

போன வருஷம் என் பையனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, கேட்ட மறுநாளே பதினஞ்சாயிரம் கொண்டுவந்து கொடுத்தவர் இந்த மயிலம் நண்பர்தான். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. "முடியும்போது குடுங்க சார்." அவ்வளவுதான்.

மூன்று மாசமாக ஆளைக் காணவில்லை. லீவு போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒருநாள் விழுப்புரம் பிளாட்பாரத்தில் பார்த்தால், கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கி, தூணுக்கு அந்தப் பக்கமாக விறுவிறுவென்று நடந்து போகிறார்! அதை நான் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அப்போது வேறு கவலை. தீபாவளி போனஸ் இருபதாயிரம் வந்திருந்தது. கியூவில் நின்றவர்களோ ஆறு பேர்!

*

அந்த ஆறு பேரில் சத்தம் அதிகம் போட்டது யார் தெரியுமா? என் சகலை. எட்டாயிரம் கைமாற்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "சகலை, ஒண்ணும் அவசரமில்ல... சும்மா ஞாபகப்படுத்தலாம்னு!" அந்த 'சும்மா' இருக்கிறதே, அது நடுமுதுகில் ஊசி குத்துகிற மாதிரி. அந்த ஞாயிறு முழுக்க வீட்டில் சாம்பாருக்குக்கூட ருசி இருக்காது.

"போனஸ்ல முதல்ல இவர் வாயை அடைச்சிடணும் சார்" என்று ரயிலில் புலம்பினேன். எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பாங்க்கில் இருந்து ரிட்டையர் ஆகி, விழுப்புரத்தில் ஒரு ஆடிட்டரிடம் பார்ட் டைமாகக் கணக்கு எழுதுபவர். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்:

"தம்பி, சகலைக்கு என்ன வட்டி?"

"வட்டியெல்லாம் இல்ல சார், மானம்தான் போவுது."

"மானத்துக்கு எத்தனை பர்சென்ட்? ஒரு பேப்பர் எடு."

சீசன் டிக்கெட் கவரின் பின்பக்கத்தில் எழுதினோம். மூன்று கட்டம். பாக்கி எவ்வளவு, மாசத்துக்கு வட்டி எவ்வளவு, கட்டாவிட்டால் என்ன ஆகும்.

கிரெடிட் கார்டு நாற்பதாயிரம். மாதம் மூன்றரை சதவீதம். பைக் தவணை இன்னும் பன்னிரண்டு. ஆபீஸ் சொசைட்டி கடன், அது சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். மனைவியின் செயின் அடகுக் கடையில் முப்பதாயிரத்துக்கு, ரெண்டு வட்டி. சகலை எட்டாயிரம், வட்டி சைபர். மயிலம் நண்பர் பதினைந்தாயிரம், வட்டி சைபர்.

பெரியவர் கார்டு வரியில் விரலை வைத்தார். "உங்க ஊர்ல யாராவது மூன்றரை வட்டிக்குக் குடுத்தா என்ன சொல்லுவே?"

"ரத்தம் உறிஞ்சறான்னு சொல்லுவேன்."

"இதுவும் மூன்றரை வட்டிதான் தம்பி. டை கட்டியிருக்கு, அவ்வளவுதான்!"

அவர் போட்ட கணக்கைக் கேளுங்கள். நாற்பதாயிரத்துக்கு மாத வட்டி 1,400. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 252. ஆக 1,652. நான் 'மினிமம் டியூ' என்று பெருமையாக மாசம் இரண்டாயிரம் கட்டிக்கொண்டிருந்தேன். அசலில் கழிந்தது வெறும் 348 ரூபாய்! பாக்கி வைத்திருக்கும்போது கார்டைத் தேய்த்து மளிகை வாங்கினால், அதற்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். 'நாற்பது, ஐம்பது நாள் வட்டி இல்லை' என்கிற சலுகை, முழுசாகக் கட்டுகிறவனுக்கு மட்டும்தான்.

"ராஜாஜி 1938ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார். பழைய கடனுக்கு அசலைப்போல ரெண்டு மடங்கு கட்டியிருந்தா கணக்கு தீர்ந்ததுன்னாங்க. உன் கார்டுக்கு அப்படி எவனும் சொல்ல மாட்டான்" என்றார் பெரியவர். "இந்த இருபதாயிரத்தையும் கார்டுல போட்டா, மாசம் 826 ரூபாய் மிச்சம். வருஷத்துக்குக் கிட்டத்தட்டப் பத்தாயிரம். சகலைக்குக் குடுத்தா மிச்சம் என்ன? ஞாயித்துக்கிழமை சாம்பார்!"

*

அன்றைக்கு அவரிடம் கற்றுக்கொண்டதை அப்படியே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் உதவும்.

முதலில், எல்லாக் கடனுக்கும் அந்த மாதத் தவணையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பைக் தவணைக்கு பாங்க்கில் பணம் இல்லாமல் திரும்பினால், பாங்க்காரரும் அபராதம் போடுவார், ஃபைனான்ஸ்காரரும் போடுவார். சிபிலிலும் கறுப்புப் புள்ளி விழும்.

அடுத்தது, கெடு தேதி உள்ளது. என் அடகு ரசீதை எடுத்துப் பார்த்தால், கெடுவுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது! விட்டிருந்தால் செயின் ஏலத்துக்குப் போயிருக்கும். பிறகு வீட்டில் என்னையே ஏலம் விட்டிருப்பார்கள். பெரியவரே ஒருநாள் கைமாற்றாகப் பணம் கொடுத்தார். காலையில் மீட்டு, மத்தியானமே பாங்க்கில் அடகு வைத்து, சாயங்கால ரயிலில் அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். ரெண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு 7,200. பாங்க்கில் சுமார் பத்து சதவீதம், மூவாயிரம்தான். கடன் ஒரு பைசா குறையவில்லை. ஆனால் வட்டி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது!

இது இரண்டும் முடிந்தால், மிச்சப் பணம் எல்லாம் வட்டி அதிகமான கடனுக்கு. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று பிரசாதம் மாதிரி விநியோகம் பண்ணக் கூடாது.

'சின்னக் கடனை முதலில் அடைத்தால் மனசுக்குத் தெம்பு' என்று சிலர் சொல்வார்கள். அதிலும் ஒரு நியாயம் உண்டு. சின்னக் கடன் தீர்ந்தால் ஒரு தவணை மிச்சமாகும். அதைப் பெரிய கடனில் போடலாம். ஆனால், எண்ணிக்கை குறைகிறதே என்கிற சந்தோஷத்தில் சின்னதையே துரத்திக்கொண்டு, அதிக வட்டியை வளரவிடுவது மனுஷ சுபாவம் என்று 2011ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சோதனை நடத்தி எழுதினார்கள். சகலை அமெரிக்காவிலும் உண்டு போலிருக்கிறது!

எங்கள் பெட்டியில் ஒரு பையன் போன் ஆப்பில் கடன் வாங்கிவிட்டு, ராத்திரி பத்து மணிக்குப் போன் வருகிறது என்று நடுங்கிக்கொண்டிருந்தான். வசூல் ஏஜென்ட்டுகள் காலை எட்டு மணிக்கு முன்னாலும் சாயங்காலம் ஏழு மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே உத்தரவு போட்டிருக்கிறது. மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் எல்லாவற்றுக்கும் தமிழ்நாட்டில் 2003லிருந்து தடைச் சட்டம் இருக்கிறது. மூன்று வருஷம் வரை ஜெயில். மிரட்டுகிறான் என்பதற்காக அவனுக்கு முதல் மரியாதை வேண்டாம்.

*

எல்லாம் எழுதி முடித்ததும், மயிலம் நண்பர் பெயருக்கு நேரே இருந்த சைபரைப் பார்த்துக்கொண்டே இருந்தார் பெரியவர்.

"வட்டி சைபர்னு அவர் சொன்னாரா, நீயா போட்டுக்கிட்டியா?"

"அவர் கேக்கவே இல்ல சார்."

"கேக்காதவங்களைத்தான் தம்பி நாம போய்க் கேக்கணும்."

மறுநாள் மயிலத்தில் வண்டி நின்றதும் இறங்கி ஓடி, கடைசிப் பெட்டியில் ஏறினேன். நண்பர் என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனார். கடன்காரன் நான், வியர்த்தது அவருக்கு!

"தப்பா நினைக்காதீங்க சார்... பக்கத்துல உக்காந்தா, எங்கே பணத்தைக் கேட்டுடுவேனோன்னு எனக்கே பயம். அதான் பெட்டி மாறிட்டேன்."

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. அவர் பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்திருக்கிறது. என்னிடம் கேட்க வாய் வரவில்லை. மனைவியின் கம்மலையும் மோதிரத்தையும் அடகு வைத்திருக்கிறார். பதினைந்தாயிரத்துக்கு, ரெண்டு வட்டி. மாசம் முந்நூறு.

என் பேப்பரில் சைபர் என்று எழுதியிருந்த வட்டியை, மூன்று மாசமாக அவர் கட்டிக்கொண்டிருந்தார்!

பெரியவரிடம் போய் நின்றேன். "கணக்குப்படி இன்னமும் கார்டுதான் முதல்ல. மூன்றரை, ரெண்டைவிடப் பெரிசு" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆனா அது நீ கட்டுற வட்டி. இது உனக்காக இன்னொருத்தர் கட்டுற வட்டி. எது பெரிசுன்னு என் கால்குலேட்டர்ல வராது" என்றார்.

நண்பருக்குப் பதினைந்தாயிரம் கொடுத்தேன். மிச்சம் ஐயாயிரம் கார்டுக்கு. கார்டையும் அன்றைக்கே கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிவிட்டேன். இனி வட்டி போக மிஞ்சுவதெல்லாம் அதன் பாக்கிக்குத்தான். இந்த முடிவால் எனக்கு மாசம் 620 ரூபாய் நஷ்டம். தெரிந்தேதான் செய்தேன். நண்பர் மறுபடியும் மூன்றாவது பெட்டியில் ஏறுகிறார். கம்மல் வீடு வந்துவிட்டதாம்.

சகலைக்கு நானே போன் போட்டு, "பொங்கலுக்கு அப்புறம் மாசம் ரெண்டாயிரம், நாலு தவணை" என்று தேதியோடு சொல்லிவிட்டேன். ஆச்சரியம்! அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் போனே வரவில்லை.

போன வாரம்தான் வந்தது.

"சகலை, கடனை எப்படி வரிசையா அடைக்கிறதுன்னு ஏதோ பேப்பர் போட்டு வெச்சிருக்கீங்களாமே... ஒண்ணும் அவசரமில்ல. சும்மா, எனக்கு ஒரு காப்பி கிடைக்குமா?"